எடை குறைந்த பிறகும் குறையாத மனக்குறை



நமது மஹல்லாவில் சில ஆண்டுகளாக ஒரு நல்ல மாற்றத்தைப் பார்த்து வருகிறோம். ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் பலர் வீட்டுக்குப் போகாமல் நேரே நடைப்பயிற்சிக்குப் போகிறார்கள். பெண்கள் மொட்டை மாடியில் நடக்கிறார்கள். இளைஞர்கள் ஜிம்முக்குப் போகிறார்கள். பத்து கிலோ, இருபது கிலோ குறைத்து, சர்க்கரை மாத்திரையின் அளவையும் மருத்துவரின் ஆலோசனைப்படி குறைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அவர்களில் சிலருடன் தனியாகப் பேசும்போது வேறொரு செய்தியும் வருகிறது. "எடையெல்லாம் குறைஞ்சிருச்சு. ஆனா கண்ணாடியில பார்த்தா பழைய ஆளாத்தான் தெரியுறேன்." "துணிக்கடைக்குப் போனா கை தானா பெரிய சைஸைத்தான் எடுக்குது." "கல்யாண வீட்ல போட்டோ எடுக்கக் கூப்பிட்டா இன்னமும் பின்னாடி போய்த்தான் நிக்கிறேன்." வீட்டில் உள்ளவர்களுக்கு இது விளங்குவதில்லை. "இவ்வளவு இளைச்ச பிறகும் என்ன குறை?" என்று கேட்டு முடித்துவிடுகிறார்கள். கேட்கப்பட்டவரும் அதன் பிறகு வாய் திறப்பதில்லை.

இது ஏன் வருகிறது, எதுவரை இது இயல்பு, எப்போது உதவி தேட வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

மனத்தில் பதிந்த உருவம்

நம் ஒவ்வொருவரின் மனத்துக்குள்ளும் நமது உடலைப் பற்றிய ஒரு படம் இருக்கிறது. கதவிடுக்கில் நுழைய முடியுமா, பஸ் சீட்டில் பக்கத்தில் உட்கார இடம் போதுமா என்றெல்லாம் யோசிக்காமலேயே முடிவு செய்வது அந்தப் படத்தை வைத்துத்தான். வியன்னாவில் பிறந்த மனநல மருத்துவர் பால் ஷில்டர் 1935ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றித் தனி நூல் எழுதினார். அந்தப் படம் கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து உருவாவதல்ல. நமது உணர்வுகளும், பிறர் நம்மை எப்படிப் பார்த்தார்கள் என்பதும் அதில் சேர்ந்திருக்கின்றன.

எடை ஆறு மாதத்தில் குறையலாம். பதினைந்து இருபது வருடமாக உருவான படம் ஆறு மாதத்தில் மாறாது. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கேஷும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் பெண்களை மூன்று பிரிவாக ஒப்பிட்டார்கள்: இப்போது எடை அதிகமுள்ளவர்கள், முன்பு எடை அதிகமிருந்து பின்னர் குறைத்தவர்கள், எப்போதுமே சராசரி எடையில் இருந்தவர்கள். எடை குறைத்தவர்களின் உடல் சராசரிக்கு வந்துவிட்டது. ஆனால் உடலைப் பற்றிய கவலையிலும் குண்டாகிவிடுவோமோ என்ற பயத்திலும், அவர்கள் எடை அதிகமுள்ளவர்களுக்கே நெருக்கமாக இருந்தார்கள். இந்த நிலைக்கு 'ஃபேன்டம் ஃபேட்' என்று பெயர் வந்தது. கால் எடுக்கப்பட்டவருக்கு இல்லாத காலில் வலி தெரிவதுபோல, இல்லாத கொழுப்பு இருப்பதாகவே தோன்றுவது.

ஆகவே இப்படிச் சொல்பவர் நடிக்கவில்லை, பாராட்டுக்காக ஏங்கவும் இல்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தெரிகிறது.

உடலிலும் சில தடயங்கள் நிற்கும்

எல்லாமே மனப்பிரமை என்றும் சொல்லிவிட முடியாது. நிறைய எடை குறைத்தவர்களுக்கு வயிறு, மேற்கை, தொடை ஆகிய இடங்களில் தோல் தளர்ந்து தொங்கும். பல வருடம் இழுபட்டிருந்த தோல் முழுவதுமாகச் சுருங்காது. வயது கூடக்கூட அது இன்னும் கடினம். பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு வயிற்றின் வரிகள் எத்தனை உடற்பயிற்சி செய்தாலும் மறைவதில்லை. இதைக் கொழுப்பு என்று எண்ணி மேலும் மேலும் பட்டினி கிடப்பவர்கள் உண்டு. பட்டினியால் தோல் இறுகாது.

கொழுப்புச் செல்களின் கதையும் இதுபோலத்தான். சுவீடனில் உள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெரியவர்களின் உடலில் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய மாறாமலே இருக்கிறது. எடை குறையும்போது செல்கள் சுருங்குகின்றன, எண்ணிக்கை குறைவதில்லை. குறைத்த எடையைக் காப்பாற்றுவது ஏன் தொடர்ந்த வேலையாக இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். "மறுபடியும் ஏறிடுமோ" என்ற பயம் முற்றிலும் ஆதாரமற்றது அல்ல. ஆனால் அந்தப் பயத்தில் ஒரு நாளைக்கு ஐந்து முறை எடை பார்ப்பதில் பயனில்லை. இரவு விருந்தில் உப்பும் சோறும் அதிகம் சாப்பிட்டால், மறுநாள் காலையில் நீர் தேங்குவதாலேயே ஒன்றிரண்டு கிலோ கூடுதலாகக் காட்டும். அது கொழுப்பு அல்ல.

மிக வேகமாக எடை குறைத்தவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவதும் சகஜம். "இளைச்சதுக்கு அப்புறம்தான் அசிங்கமாயிட்டேன்" என்று சில சகோதரிகள் அழுவது இதனால்தான். சத்துக் குறைபாட்டைச் சரிசெய்து சரியாகச் சாப்பிட்டால் பெரும்பாலும் சில மாதங்களில் முடி மீண்டும் வளரும்.

நமது வாயிலிருந்து வந்த சொற்கள்

இந்தப் பகுதி எடை குறைத்தவர்களுக்கானது அல்ல. மற்ற எல்லோருக்குமானது.

ஒரு பெண் பிள்ளைக்கு ஏழு வயதில் 'குண்டம்மா' என்று பெயர் வைக்கிறோம். செல்லமாகத்தான் வைக்கிறோம். பதினாறு வயதில் "இப்படியே இருந்தா யாரு மாப்பிள்ளை தருவா?" என்கிறோம். பெண் பார்க்க வருகிறவர்கள் "பொண்ணு கொஞ்சம் தடிப்பு" என்று சொல்லி அனுப்பியது அவள் காதுக்கும் போய்ச் சேருகிறது. அதன் பிறகு அவள் உடலைக் குறைக்கலாம். காதில் விழுந்த சொல் அங்கேயே நிற்கும். பட்டப்பெயர் வைத்து அழைப்பதை மார்க்கம் தடுத்திருப்பது நம் அனைவருக்கும் தெரியும். குண்டு, ஒல்லி, கறுப்பு, கட்டை என்பவையும் பட்டப்பெயர்கள்தான் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

பாராட்டிலும் கவனம் வேண்டும். "மாஷா அல்லாஹ், இப்பத்தான் பார்க்கிற மாதிரி இருக்கே!" என்று மாமி ஒருவர் வாய் நிறையச் சொல்கிறார். கேட்பவருக்கு அது, 'இத்தனை நாள் நீ பார்க்கிற மாதிரி இல்லை' என்றே விழுகிறது. கூடவே இன்னொரு பயமும் வருகிறது: இரண்டு கிலோ ஏறிவிட்டால் இந்த அன்பும் போய்விடுமோ? சில மாதங்களில் பாராட்டு எப்படியும் நின்றுவிடும். பார்ப்பவர்களுக்குப் புதிய தோற்றம் பழகிவிடும். பாராட்டை வைத்தே தன்னை அளந்து பழகியவருக்கு, அது நின்றதும் 'மறுபடியும் குண்டாகிவிட்டேன் போல' என்று தோன்றும்.

நமது நடைப்பயிற்சிக் குழுவில் எடை குறைத்தவர்களின் 'முன்பு - பின்பு' படங்களை இந்த இதழில் போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நாம் போடாததற்குக் காரணம் இதுதான். 'முன்பு' என்ற படத்தில் இருப்பவரும் அதே மனிதர்தான். அந்த உடலோடுதான் அவர் பிள்ளை பெற்றார், கடை நடத்தினார், உம்மாவைப் பார்த்துக்கொண்டார். அந்த உடலை ஊருக்கு முன் வெட்கத்துக்குரிய ஒன்றாகக் காட்ட நமக்கு மனமில்லை.

நகர்ந்துகொண்டே போகும் எல்லை

"எழுபது கிலோவுக்கு வந்தா போதும்" என்று தொடங்குகிறார். எழுபது வந்ததும் "அறுபத்தைந்து" என்கிறார். அறுபத்தைந்து வந்ததும் கை, கழுத்து, கன்னம் என்று ஒவ்வொன்றாகக் குறை தெரிகிறது. எடை குறைந்தால் நிக்காஹ் கூடிவரும், கணவர் கனிவாகப் பேசுவார், கூச்சம் போகும் என்று பல எதிர்பார்ப்புகளை ஒரே எண்ணில் கட்டி வைத்திருக்கிறோம். அவை நடக்காதபோது, காரணத்தை மீண்டும் உடலிலேயே தேடுகிறோம்.

எனவே மருத்துவ அளவை மட்டும் எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீடு, அதாவது பிஎம்ஐ, 23க்குக் கீழே இருப்பதும், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருப்பதும் நல்லது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பிஎம்ஐ 18.5க்குக் கீழே போனால் அது மெலிவு. இவற்றோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், மூச்சு வாங்காமல் மாடி ஏற முடிகிறதா என்பதைப் பாருங்கள். இவை சரியாக இருந்தால் உடலின் வேலை முடிந்தது. மிச்சம் இருப்பது மனத்தின் வேலை.

ஆண்களுக்கும் உண்டு

இது பெண்களின் பிரச்சினை என்று எண்ண வேண்டாம். சிறு வயதில் குண்டாக இருந்து கேலிக்கு ஆளான பையன்கள், ஜிம்முக்குப் போய் உடல் இறுகிய பிறகும் டி-ஷர்ட்டை இழுத்து விட்டுக்கொண்டே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஊர்க் குளத்தில் சட்டையைக் கழற்றாமலே குளிப்பார்கள். சிலருக்கு மார்பில் சதை தங்கிவிடுகிறது. அது சுரப்பி வளர்ச்சியாக இருந்தால் பயிற்சியால் போகாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இன்னும் சிலருக்கு நேரெதிரான எண்ணம். கட்டுமஸ்தான உடல் இருந்தும் 'நான் நோஞ்சான்' என்றே தோன்றும். அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப் 1990களில் இதை விரிவாக ஆராய்ந்தார். இந்த எண்ணம்தான் இளைஞர்களை ஸ்டீராய்டு ஊசிக்கு இழுத்துச் செல்கிறது. தசைக்காகப் போடும் அந்த ஊசி இதயத்தையும் கல்லீரலையும் பாதிக்கும். விந்தணுக்களைக் குறைத்துப் பிள்ளைப் பாக்கியத்துக்கே தடையாகலாம். மார்பில் சதை வளரவும் செய்யும். எதை மறைக்க ஊசி போட்டாரோ அதையே அது கொண்டுவந்து விடுகிறது.

எப்போது கவலைப்பட வேண்டும்?

கண்ணாடி முன் சிறிது வருத்தம் வருவது எல்லோருக்கும் உள்ளது. கீழ்க்கண்டவை தொடர்ந்து தெரிந்தால் உதவி தேவை:

• எடை சரியான அளவில் இருந்தும் உணவைக் குறைத்துக்கொண்டே போவது, சாப்பிட்டதும் வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது.

• நஃபில் நோன்பை எடை குறைக்கும் வழியாக ஆக்கிக்கொண்டு, இஃப்தாரிலும் சாப்பிடாமல் எழுந்துவிடுவது.

• காய்ச்சலிலும் காயத்திலும்கூட உடற்பயிற்சியை விட முடியாமல் தவிப்பது.

• பெண்கள் மட்டும் கூடியிருக்கும் அறையிலும், வெயிலில் வெந்தாலும், அபாயாவைக் கழற்றாமல் இருப்பது. அபாயா அணிவது ஒன்று. உடலை வெறுத்து அதற்குள் ஒளிந்துகொள்வது வேறு.

• உடலின் ஏதோ ஒரு குறையை எண்ணியே நாளில் பல மணி நேரத்தைக் கழிப்பது. அதற்காக வேலை, படிப்பு, கல்யாண வீடு எல்லாவற்றையும் தவிர்ப்பது.

• பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது.

• "இப்படி வாழ்வதைவிட இல்லாமல் போகலாம்" என்ற பேச்சு. இதைக் கேட்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

என்ன செய்யலாம்?

எடை குறைத்தவர்களுக்கு: பழைய துணிகளை அலமாரியில் பூட்டி வைக்காமல் கொடுத்துவிடுங்கள். இப்போதைய அளவுக்கு இரண்டு உடை நன்றாகத் தைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு நாள், ஒரே நேரத்தில் எடை பாருங்கள், போதும். கையை நீட்டிச் செல்போனில் எடுக்கும் படத்தை வைத்து முகத்தை எடைபோடாதீர்கள். மிக அருகில் எடுக்கும் படம் மூக்கை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டும். உடல் எப்படித் தெரிகிறது என்பதை விட்டு, அது என்ன செய்கிறது என்று எழுதி வையுங்கள்: எத்தனை தூரம் நடந்தேன், முட்டி வலியில்லாமல் தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா, பேரனைத் தூக்க முடிகிறதா. மனத்தின் படம் இப்படிப்பட்ட அனுபவங்களால்தான் மெல்ல மெல்ல மாறுகிறது.

குடும்பத்தினருக்கு: தோற்றத்தைப் பற்றிப் பேசாமலும் அன்பு காட்டலாம். "எப்படி இருக்கே, நல்லா தூங்கினியா?" என்று கேளுங்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாத்தானே இருக்கே" என்று மூடிவிடாதீர்கள். "அப்படியா தெரியுது உனக்கு? எப்போலேர்ந்து?" என்று கேட்டு, பதிலை முழுவதும் கேளுங்கள். தட்டில் இருப்பதைக் கூட்டத்தின் நடுவே விமர்சிக்காதீர்கள். பிள்ளைகள் முன் உங்கள் உடலை நீங்களே திட்டிக்கொள்வதையும் நிறுத்துங்கள். உம்மாவின் கண்ணாடியில்தான் மகள் பார்க்கக் கற்றுக்கொள்கிறாள்.

பெண் பார்க்கப் போகும் பெரியவர்களுக்கு: சம்மதம் இல்லையென்றால் 'ஒத்து வரவில்லை' என்று சொன்னால் போதும். உடலைக் காரணமாகச் சொல்லி அனுப்ப வேண்டாம்.

உதவி எங்கே கிடைக்கும்?

உடலைப் பற்றிய தவறான எண்ணம் வாழ்க்கையையே முடக்கும் நோயாகவும் ஆகலாம். இத்தாலிய மருத்துவர் மோர்செல்லி 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் குறித்து எழுதியிருக்கிறார். இன்று இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் பேச்சு சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும் தருகிறார்கள். மனநல மருத்துவரிடம் போனால் பைத்தியம் என்று பெயர் வரும், சம்பந்தம் தட்டிப் போகும் என்று பயப்படுகிறோம். சர்க்கரைக்கு மருத்துவரிடம் போவதைப் போன்றதுதான் இதுவும்.

மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனாஸ் என்ற மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை. எந்த நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உள்ளது. தனியாகப் போகத் தயங்குபவர்கள் நமது அலுவலகத்தில் சொன்னால், ஆண்களுக்கு ஆண்களும் பெண்களுக்குப் பெண்களும் உடன் வருவார்கள். பெயர் வெளியே போகாது.

வரும் வாரங்களில் நமது ஊரில் கல்யாணங்கள் நிறைய இருக்கின்றன. பல மாதம் கழித்துச் சந்திக்கும் உறவினரிடம் இந்த ஒரு முறை எடையைப் பற்றி எதுவும் சொல்லாமல் நலம் விசாரித்துப் பாருங்கள். போட்டோ எடுக்கும்போது பின்னால் போய் நிற்கும் லாத்தாவையோ காக்காவையோ கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.