மின்சார வண்டியும் வரிச் சலுகையும்



விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. அந்தப் பெருவழியில் விக்கிரவாண்டிச் சுங்கச் சாவடியருகே சற்று நேரம் நின்று பார்ப்பவர்களுக்குப் பச்சைத் தகட்டில் வெள்ளை எழுத்தால் எண் பொறித்த கார்களும் ஸ்கூட்டர்களும் அடிக்கடி தென்படும். அவை மின்கலத்தால் ஓடும் வண்டிகள். பெட்ரோல் வேண்டாம், புகைக்குழாயும் இல்லை.

இவ்வண்டிகளை வாங்குவோருக்கு அரசாங்கம் சலுகை அளிப்பது முறையா, அளித்தால் எவ்வளவு, எத்தனை காலத்துக்கு என்னும் வாதம் சட்டமன்றத்திலும் செய்தித்தாள்களிலும் மட்டுமன்றி எங்கள் ஊர்த் தேநீர்க் கடையிலும் நடந்து வருகிறது. "பெட்ரோல் விற்கிற விலைக்கு இதைவிட நல்ல காரியம் உண்டா?" என்பார் ஒருவர். "பதினைந்து லட்சம் கொடுத்துக் கார் வாங்குகிறவருக்கு நாம் ஏன் ஐயா காசு தர வேண்டும்?" என்பார் மற்றொருவர். இருவர் பேச்சிலும் பொருள் உண்டு. ஆனால் இருவருமே பெரும்பாலும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் சலுகையின் வகைகளை அறிந்துகொள்ள வேண்டும். என் தந்தையார் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் இரண்டு விதமான உதவிகள் இருந்தன. ஒன்று உபகாரச் சம்பளம். அதைப் பணமாகவே கையில் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். மற்றொன்று அரைச்சம்பளச் சலுகை. அதில் பணம் கைமாறுவதே இல்லை, கட்ட வேண்டிய சம்பளத்தில் பாதியைக் கேளாமல் விட்டுவிடுவார்கள். பள்ளிக்கு இரண்டினாலும் செலவுதான். ஆயினும் முன்னது எல்லார் கண்ணிலும் படும். பின்னது எளிதில் படாது.

மின் வண்டிக்குக் கிடைக்கும் உதவியும் இவ்வாறே இரு வகைப்பட்டது. மானியம் என்பது கையில் கொடுக்கும் பணத்தைப் போன்றது. மத்திய அரசு 2015-ஆம் ஆண்டு ஏப்ரலில் 'ஃபேம்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. 2019 ஏப்ரலில் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டத்துக்கு 10,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதன் பின்னர், 2024 அக்டோபரில், 'பிரதம மந்திரி இ-டிரைவ்' திட்டம் 10,900 கோடி ரூபாயுடன் வந்தது. இத்திட்டத்தில் காருக்கு மானியம் கிடையாது. ஸ்கூட்டருக்கு இருந்தது, ஆனால் 2025 ஏப்ரலில் அதன் உச்ச வரம்பு 5,000 ரூபாயாகிவிட்டது.

தேநீர்க் கடை வாதம் பெரும்பாலும் இந்த மானியத்தைப் பற்றியே நடக்கிறது. பெரிய தொகையோ, கேளாமல் விட்ட சம்பளத்தைப் போல, வரியில் மறைந்து கிடக்கிறது.

2025 செப்டம்பர் 22-ஆம் நாள் முதல் பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 40 விழுக்காடு; சிறிய கார்களுக்கும் 350 சி.சி. வரையுள்ள இருசக்கர வண்டிகளுக்கும் 18 விழுக்காடு. மின்சார வண்டி எதுவாயினும் 5 விழுக்காடுதான். இந்த 5 விழுக்காடு 2019 ஆகஸ்டிலிருந்தே நடப்பில் இருந்து வருகிறது. இதற்கு மேல் நம் மாநில அரசு மின் வண்டிகளுக்குச் சாலை வரியை முழுவதும் தள்ளுபடி செய்தது. முதலில் 2022 டிசம்பர் வரை என்றும், பிறகு 2025 டிசம்பர் வரை என்றும் ஆணை பிறப்பித்தது.

இப்போது பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பரில் இருவர் வண்டி வாங்கியதாகக் கொள்வோம். ஒருவர் வாங்கியது வரி சேராத விலை 80,000 ரூபாயுள்ள மின்சார ஸ்கூட்டர். 18 விழுக்காட்டுக்கும் 5 விழுக்காட்டுக்கும் உள்ள வேறுபாட்டால் அவருக்கு மிச்சம் 10,400 ரூபாய். 10 விழுக்காட்டுச் சாலை வரி இல்லாமையால் மிச்சம் 8,000. மானியம் 5,000. ஆக 23,400 ரூபாய். அதாவது விலையில் 29 விழுக்காடு.

மற்றவர் வாங்கியது வரி சேராத விலை 15 லட்ச ரூபாயுள்ள பெரிய மின்சாரக் கார். 40-க்கும் 5-க்கும் வேறுபாடு 35 விழுக்காடு. அது 5,25,000 ரூபாய். பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை விலையுள்ள காருக்குச் சாலை வரி 18 விழுக்காடு. அதில் மிச்சம் 2,70,000. ஆக 7,95,000 ரூபாய். விலையில் 53 விழுக்காடு!

மானியமே இல்லாத காருக்குத்தான் பெரிய உதவி கிடைத்திருக்கிறது. ரூபாய்க் கணக்கில் மட்டுமன்று, விகிதக் கணக்கிலும் கார்க்காரருக்குக் கிடைத்தது ஏறத்தாழ இரு மடங்கு. நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய காரோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு வெகுவாகக் குறையும் என்பதையும், மின்கலத்தின் விலை காரணமாக மின்சாரக் காரின் அடக்க விலையே உயர்ந்தது என்பதையும் நேர்மையோடு சொல்லிவிட வேண்டும். இவற்றைக் கழித்த பிறகும் கணக்கு சாய்ந்த பக்கம் சாய்ந்தே இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை கடன் பெற்று மின் வண்டி வாங்கியவர்கள் ஆண்டுக்கு ஒன்றரை லட்ச ரூபாய் வரை வட்டியைத் தம் வருமானத்தில் கழித்துக்கொள்ளவும் வருமான வரிச் சட்டம் இடமளித்தது. வருமான வரி கட்டாதவருக்கு அதனால் என்ன பயன்?

அப்படியானால் சலுகையே கூடாதா? நான் அவ்வாறு சொல்ல மாட்டேன். நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. பெட்ரோல் இயந்திரம் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. எஞ்சியது வெப்பமாக வீணாகிறது. மின் மோட்டாரில் இந்த இழப்பு மிகக் குறைவு. நம் மின்சாரத்தில் முக்கால் பங்கு நிலக்கரியால் விளைவது என்று மறுப்பவர்கள் உண்டு. எங்களுக்கு அருகிலுள்ள நெய்வேலியை அறிந்த நான் அதை மறுக்கவில்லை. ஆயினும் நிலக்கரிக்குப் பதிலாகச் சூரிய ஒளியும் காற்றும் மின்சாரம் தரத் தொடங்குகையில், அதே வண்டி மேலும் தூய்மையாகிறது. பெட்ரோல் வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. புதிய தொழில் வேர் பிடிக்கும் வரை தண்ணீர் ஊற்றுவதும் அரசின் கடமையே. ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் எழுந்த ஆலைகளை இத்தகைய ஆதரவு இல்லாமல் எண்ணிப் பார்ப்பது கடினம்.

தண்ணீரைத் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் கண்டோம். 2023 ஜூன் முதல் நாள் ஸ்கூட்டர் மானியத்தின் உச்ச வரம்பு விலையில் 40 விழுக்காட்டிலிருந்து 15 ஆகக் குறைக்கப்பட்டது. மே மாதத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் பதிவான மின்சார இருசக்கர வண்டிகள் ஜூனில் அதில் பாதிகூட இல்லை. ஜெர்மனி 2023 டிசம்பரில் முன்னறிவிப்பே இல்லாததுபோல் மானியத்தை நிறுத்திற்று. அடுத்த ஆண்டு அங்கே மின்சாரக் கார்ப் பதிவு கால் பங்குக்கு மேல் வீழ்ந்தது. அமெரிக்கர்கள் 7,500 டாலர் வரை வரித் தள்ளுபடி அளித்துவந்தார்கள். 2023 முதல் அதற்கு ஓர் எல்லை கட்டினார்கள்: தனி ஒருவரின் ஆண்டு வருமானம் ஒன்றரை லட்சம் டாலருக்கு மேற்பட்டாலோ, சாதாரணக் காரின் விலை 55,000 டாலருக்கு மேற்பட்டாலோ தள்ளுபடி இல்லை. 2025 செப்டம்பர் 30-உடன் அச்சலுகை அடியோடு நின்றுவிட்டது. நார்வே மட்டும் நிதானமாக நடந்தது. 2001 முதல் மின்சாரக் காருக்கு மதிப்புக் கூட்டு வரியே இல்லை என்றிருந்த அந்நாடு, புதிய கார்களில் பெரும்பகுதி மின்சாரக் கார்களான பிறகு, 2023-இல் ஐந்து லட்சம் குரோனருக்கு மேற்பட்ட விலைப் பகுதிக்கு மட்டும் வரி விதித்தது. எளிய கார் தப்பியது. ஆடம்பரக் கார் வரி கட்டிற்று.

நாமும் அவ்வாறு ஒரு விலை வரம்பு கட்டலாம் என்பது என் கருத்து. ஏனெனில் அரசு விட்டுக்கொடுக்கும் வரியை வேறு யாரோ கட்டத்தான் வேண்டியிருக்கிறது. திண்டிவனம் சந்தைக்கு மொபெட்டில் வேர்க்கடலை மூட்டை ஏற்றி வருபவரை எண்ணிப் பாருங்கள். (எங்கள் பக்கத்தில் அதை மல்லாட்டை என்போம், அகராதி பிடித்தவர்கள் பொறுத்தருள்க.) அவர் 100 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரியாகப் போகிறது. புது ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்ட வழியில்லாததால் அவர் அந்த வரியைத் தொடர்ந்து கட்டுகிறார். கார்க்காரர் ஓட்டும் அதே சாலையைச் செப்பனிடும் செலவில் அவருடைய பங்கும் அடங்கியிருக்கிறது.

உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்களில் பலர் கல்லூரிக்குப் பேருந்தில் போகிறவர்கள். சென்னை வியாசர்பாடியில் 2025 ஜூன் 30 அன்று 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின, மகிழ்ச்சியே. இ-டிரைவ் திட்டத்தில் மின்சாரப் பேருந்துகளுக்கென 4,391 கோடி ரூபாய் வைத்திருக்கிறார்கள். அது 40 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் ஒன்பது பெருநகரங்களுக்கு உரியது. 2023-இல் வந்த மற்றொரு பேருந்துத் திட்டமும் பெரும்பாலும் மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் தொகையுள்ள நகரங்களையே கருதிற்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் விழுப்புரம் நகராட்சியின் மக்கள் தொகை ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. திண்டிவனம் அதனினும் சிறிது. ஆகவே, எங்கள் ஊரில் ஒருவர் 15 லட்ச ரூபாய்க்குக் கார் வாங்கினால் அவருக்காக எட்டு லட்சத்தை விட்டுக்கொடுக்க அரசிடம் விதி இருந்தது. ஐம்பது பேர் ஏறும் பேருந்துக்கு அந்தப் பெரும் திட்டங்களில் ஊரின் பெயரே இல்லை. விலை வரம்பு கட்டி மீட்கும் வரியைச் சிறு நகரங்களுக்கிடையே ஓடும் மின்சாரப் பேருந்துகளுக்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்கலாம். விழுப்புரம்–திண்டிவனம் தடம் அதற்கு ஏற்றது. சமதரை, ஒரு நடைக்கு 40 கிலோமீட்டர், இரு முனையிலும் மின்னேற்ற இடமுள்ள பேருந்து நிலையம்.