பாதத்தில் திறக்கும் முகத்துவாரம்

வடகீழ்ப் பருவக்காற்று நவம்பரில் வலுத்து, மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடிப் பாலத்தின் இரு கரைகளிலும் நடமாட்டம் குறைந்து, மழை விடும்வரை வீட்டோடு இருக்கும் நாட்கள் கூடிவரும்போது, வாசிப்புப் பழக்கமுள்ளோரிடம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. கோடையில் நூறு பக்கங்களை விழிப்போடு படித்து முடிக்கும் ஒருவர், மாரியில் போர்வைக்குள் கால்களை இழுத்துக்கொண்டு அதே புத்தகத்தை விரித்தால், பத்தாம் பக்கத்தைத் தாண்டுமுன் கண் சொருகுவது ஏன் என்பதே அது.

இதற்கு இன்று எளிதில் கிடைக்கும் விடைகள் பலவும் இரவல் வாங்கப்பட்டவை. டென்மார்க்கின் ‘ஹூகா’ என்னும் குளிர்கால இல்லச் சுகம் உலகெங்கும் விற்பனைப் பொருளாகிவிட்டது. ஆனால், கோபன்ஹேகனில் டிசம்பர்ப் பகல் ஏறத்தாழ 7 மணித்தியாலமாகச் சுருங்க, ஓட்டமாவடியின் மிகக் குறுகிய பகலும் பதினொன்றரை மணித்தியாலத்துக்கு மேல் நீள்வதால், அங்குள்ள நீண்ட இருளைக் காரணம் காட்டும் விளக்கம் இங்கு செல்லாது. ஆறு நிமிட வாசிப்பு மன அழுத்தத்தை 68 சதவீதம் குறைக்கும் என்று பரப்பப்படும் கூற்றும், 2009 இல் பிரித்தானியாவில் ஒரு சொக்லேட் விளம்பரத்துக்காகச் செய்விக்கப்பட்ட சிறு சோதனையிலிருந்து பிறந்ததே அன்றி, சக ஆய்வாளர்கள் மதிப்பிட்ட ஆய்விதழில் வெளியானதன்று. நம்பத்தகுந்த விடை புத்தகத்தில் இல்லை. வாசிப்பவரின் பாதத்தில் இருக்கிறது.

முதலில் கூதலைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆடையின்றி ஓய்ந்திருக்கும் மனித உடல், வெப்பத்தைக் கூட்டவோ குறைக்கவோ முயலாமல் நிம்மதியாக இருப்பது காற்று ஏறத்தாழ 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரை உள்ளபோதுதான். மாரி இரவில் அது 23 பாகைக்கு இறங்குவதோடு, ஈரமான சாரத்திலிருந்து ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் சுமார் 2.4 கிலோயூல் வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால், பனியே காணாத ஊரிலும் உடல் தன் வெப்பத்தைக் காக்க முனைகிறது. அதற்கு அது கையாளும் கருவி மிக அழகானது.

உள்ளங்கை, உள்ளங்கால், விரல்கள், காது, மூக்கு ஆகியவற்றின் தோலுக்கடியில், மெல்லிய மயிர்க்குழாய்களின் வழியே சுற்றிச் செல்லாமல் நாடியிலிருந்து நாளத்துக்குக் குருதியை நேரே கடத்தும் குறுக்குவழிகள் உள்ளன. இவை நாடி நாளப் பிணைப்புகள் எனப்படும். தசை தடித்த இவற்றின் சுவர்களைப் பரிவு நரம்புகள், அதாவது பரபரப்பிலும் அச்சத்திலும் உடலைத் தயார்படுத்தும் நரம்புகள், இறுக்கி மூடி வைக்கின்றன. அந்நரம்புகளின் கட்டளை தளரும்போது குழாய் விரிகிறது. குழாயின் ஆரை இரு மடங்கானால் பாய்ச்சல் 16 மடங்காகும் என்பதால், சிறு விரிவே பாதத்துக்குள் சூடான குருதியைப் பெருக்கிவிடப் போதுமானது. அக்குருதி தோலின் வழியே வெப்பத்தை வெளியே விட்டுக் குளிர்ந்து மீள, உடலின் உட்பகுதி வெப்பம் மெல்ல இறங்குகிறது. அந்த இறக்கத்தோடு இணைந்தே உறக்கம் வருகிறது.

மட்டக்களப்பு வாவியை அறிந்தோருக்கு இது புதிதன்று. பெருமழையில் வாவி ஏறி வயல்கள் அமிழத் தொடங்கும்போது, பாலமீன்மடுவில் முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணல்திட்டை வெட்டிவிட்டால் நீர் கடலுக்கு வடிகிறது. உடலில் தேங்கிய வெப்பம் வாவி நீர். உள்ளங்காலும் உள்ளங்கையும், வாவிக்குப் பாலமீன்மடுவும் பெரியகல்லாறும்போல், இரு வாய்கள். வெட்டலாமா என்று முடிவெடுப்பது மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் என்னும் பகுதி. கடல் மட்டம் தாழ்ந்திருந்தால்தான் வாவி வடியும் என்பதும் இங்கு பொருந்துகிறது: அறைக்காற்று கடலானால், கோடையில் அக்கடல் உயர்ந்து நிற்பதால் வாய் திறந்தும் வடிகை மந்தமாகிறது, மாரியில் அது தாழ்ந்து நிற்கிறது. ஆனால் கால் விறைத்தால் மணல்திட்டு மீண்டும் மூடிக்கொள்கிறது; கூதலில் உறக்கம் வராமல் புரள்வது அதனால்தான். எனவே போர்வையின் பணி உடலின் வெப்பம் வீணாகாமல் காப்பது மட்டுமன்று; பாதத்தின் தோலைச் சூடாக வைத்து அந்த வாயை வெட்டிவிடுவதும் ஆகும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இப்பிணைப்புகளைப் பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் சுக்கே 1862 இல் விவரித்தார். உறக்கத்தோடு அவற்றுக்குள்ள உறவு தெளிவாக நிறுவப்பட்டது 1999 இல்தான். கைகால்களின் தோல் உடலின் நடுப்பகுதித் தோலோடு ஒப்பிட எந்த அளவுக்குச் சூடாக இருக்கிறது என்பதே, உறக்கம் எவ்வளவு விரைவில் வரும் என்பதை மிகச் சரியாக முன்னறிவிப்பதாக, சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் கிராய்கியும் உடன் ஆய்வாளர்களும் கண்டனர்.

இதில் வாசிப்பின் பங்கு அடக்கமானது. சாய்ந்திருத்தல், கவலையிலிருந்து மனம் விலகுதல் ஆகியவை பரிவு நரம்புகளைத் தளர்த்த உதவக்கூடும். ஆயின் அச்சத்தில் கை சில்லிடும் என்பதால், திகிற்கதை எதிர்விளைவையும் தரலாம். அச்சுப் புத்தகத்தைவிட ஒளிரும் திரையில் வாசித்தோர் உறங்க ஏறத்தாழ 10 நிமிடம் கூடுதலாக எடுத்தனர் என்று 2015 இல் வெளியான அமெரிக்க ஆய்வு கூறினாலும், அதில் பங்கேற்றோர் 12 பேரே என்பதும், அவர்கள் முழு ஒளியில் நாளுக்கு 4 மணித்தியாலம் வாசித்தனர் என்பதும் மறக்கத்தக்கவையல்ல. உறுதி மிக்க சான்று வெந்நீருக்கே உண்டு: உறங்குவதற்கு ஒன்றிரண்டு மணித்தியாலங்களுக்கு முன் 40 முதல் 42.5 பாகை நீரில் குளித்தால் உறக்கம் சராசரியாக 10 நிமிடம் முந்துகிறது என்பது, பல ஆய்வுகளைத் தொகுத்து 2019 இல் வெளியான மதிப்பாய்வின் முடிவு.

ஆகவே மாரி வாசிப்புக்கு வாசனை மெழுகுதிரியோ விலையுயர்ந்த கம்பளியோ தேவையில்லை. சன்னலைச் சற்றுத் திறந்து அறையைக் குளிர்ச்சியாக விட்டு, ஈர உடையை மாற்றி, கால்களை மட்டும் நன்றாகப் போர்த்தினால் போதும். பத்தாம் பக்கத்தில் புத்தகம் மடியில் சரிந்தால், அது நூலின் குறையுமன்று, வாசித்தவரின் சோம்பலுமன்று; பகல் முழுவதும் மூடிக் காத்த வெப்பத்தை உடல் தன் முகத்துவாரத்தின் வழியே வடியவிடத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள்.