விண்டோஸ் மாற்றுமுன் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஹார்ட்வெயார் என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது சீமெந்தும் ஆணியும் பெயின்டும்தான். இங்கே சொல்லப்போவது, கடையில் பில் போடும் மேசைக்கடியில் தூசு படிந்து நிற்கும் கொம்பியூட்டர் பெட்டிக்குள் இருக்கும் ஹார்ட்வெயாரைப் பற்றி.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கு வழமையாகக் கொடுத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. அன்றோடு எந்த மெஷினும் நின்றுவிடவில்லை. ஆனால் அதற்குப் பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் தாமாக அடைபடமாட்டா. வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு வருட நீடிப்பை அந்நிறுவனம் அறிவித்தது. வர்த்தக நிறுவனங்களுக்குக் கட்டணம் வைத்தது. முதல் வருடம் மெஷின் ஒன்றுக்கு 61 டொலர், அடுத்த வருடம் அதன் இரட்டிப்பு, மூன்றாம் வருடம் மறுபடியும் இரட்டிப்பு. அதற்கு மேல் இல்லை.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது புது மெஷின் வாங்கும் எண்ணத்தை நம்மில் பலர் கைவிட்டோம். இருந்ததைத் தட்டித் தட்டியே ஓட்டினோம். அதனால்தான் இன்று கடைகளில் பத்து, பன்னிரண்டு வருடத்து மெஷின்கள் நிறைய நிற்கின்றன. ‘விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன்’ என்று வருகிற தம்பிமாருக்கும் குறைவில்லை. போடுவது ஒரு மணித்தியால வேலை. போடலாமா என்று பார்ப்பதுதான் முதலாளி செய்யவேண்டிய வேலை.

முதலில் புரொசஸர். “நானா, இது ஐ செவன், எதுவும் ஓடும்” என்று சொல்லி செகன்ட் ஹேன்ட் மெஷினைத் தலையில் கட்டுவது சாதாரணமாக நடக்கிறது. ஐ 3, ஐ 5, ஐ 7 என்பது தரத்தைச் சொல்லுமே தவிர வயதைச் சொல்லாது. வயது அதற்குப் பின்னால் வரும் இலக்கத்தில் இருக்கிறது. மேசைக் கணனிகளில் அந்த இலக்கம் நான்கு தானமாக இருந்தால் முதல் எண்தான் தலைமுறை. ஐந்து தானமென்றால் முதல் இரண்டு எண்கள். ஐ 7-2600 என்பது 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை. ஐ 3-8100 என்பது 2017இல் வந்த எட்டாம் தலைமுறை. மைக்ரோசொப்டின் விண்டோஸ் 11 பட்டியலில் இந்த ஐ 3 இருக்கிறது, அந்த ஐ 7 இல்லை. இன்டெலில் எட்டாம் தலைமுறை முதல், ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசை முதல் பெரும்பாலானவை சேரும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தலைமுறையை மறைத்து ‘ஐ செவன்’ என்று மட்டும் சொல்லி விற்பது என்ன வகை வியாபாரம் என்பதை இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

உங்கள் மெஷினில் என்ன இருக்கிறதென்று அறிய யாரையும் கூப்பிட வேண்டாம். கீபோர்டில் விண்டோஸ் அடையாளமுள்ள பொத்தானையும் ஆர் பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். வருகிற சிறு பெட்டியில் எம், எஸ், ஐ, என், எஃப், ஓ என்ற ஆங்கில எழுத்துகளையும் தொடர்ந்து 32 என்ற எண்ணையும் இடைவெளியின்றி அடித்து என்டரைத் தட்டுங்கள். புரொசஸரின் முழுப்பெயர், ரெம் எவ்வளவு, பயோஸ் எந்த முறையில் ஓடுகிறது எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். அதை அப்படியே போனில் படமெடுத்து வையுங்கள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவுக்குப் போனாலும் ஊர்ச் சந்தியில் உள்ள கடைக்குப் போனாலும் அந்தப் படம் கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

அடுத்து டீ.பீ.எம். என்ற பாதுகாப்புச் சில்லு. விண்டோஸ் 11 அதன் 2.0 பதிப்பைக் கேட்கிறது. பல நல்ல மெஷின்களில் இந்த வசதி உள்ளே இருந்தும் பயோஸில் மூடிக் கிடக்கிறது. இன்டெல் போர்டில் பீ.டீ.டீ. என்றும் ஏ.எம்.டி. போர்டில் எஃப்.டீ.பீ.எம். என்றும் பெயர் போட்டிருக்கும். அதைத் திறந்துவிட்டால் போதும் என்ற நிலையில் உள்ள மெஷினை ‘இது சரிவராது, புதிது எடுங்கள்’ என்று ஒதுக்கிவிடவும் ஆட்கள் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கமாக, தகுதியில்லாத மெஷினிலும் இந்தச் சோதனையைத் தாண்டவைத்து விண்டோஸ் 11ஐ ஏற்றிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஓடத்தான் செய்யும். ஆனால் அப்படிப்பட்ட மெஷினுக்குத் திருத்தங்கள் வருமென்று உத்தரவாதமில்லை என மைக்ரோசொப்ட் சொல்லியிருக்கிறது. திருத்தங்களுக்காகத்தானே மாற்றுகிறோம்! 2024இல் வந்த 24எச்2 பதிப்போ கோர் 2 டுவோ போன்ற பழைய புரொசஸர்களில் ஆரம்பிக்கவே மாட்டாது.

ரெம் 4 ஜீ.பீ. என்பது உள்ளே நுழைவதற்கு மட்டும். பில்லும் போட்டு, பேங்க் கணக்கும் பார்க்க 8 வேண்டும். வாங்குமுன் டீ.டீ.ஆர். 3ஆ 4ஆ என்று கேளுங்கள். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் மெஷின் வேகமாவது கண்ணுக்கே தெரியும். என்னைக் கேட்டால், செலவழிக்கும் முதல் ரூபா அதற்குத்தான் போகவேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் கடை நின்றுபோகும் இடம் ஒன்று உண்டு. பெட்டியோடு சேர்ந்து ஓடுகிற சாமான்களும் பழைய பில்லிங் புரோகிராமும்தான் அது. கார்பன் பிரதியோடு பில் அடிக்கும் டொட் மெட்ரிக்ஸ் பிரின்டர் அகலமான பழைய பெரலல் கேபிளில் ஓடுகிறதா? இப்போது வரும் மதர்போர்டுகள் பலவற்றில் அந்தத் துவாரமே கிடையாது. யூ.எஸ்.பி.க்கு மாற்றும் கேபிள் கிடைக்கிறது, சிலவற்றுக்குச் சரிவரும், சிலவற்றுக்குச் சரிவராது. வாங்கும் கடையிலேயே பிரின்டரை வைத்து ஒரு பில் அடித்துப் பாருங்கள். பார்கோட் ஸ்கேனரில் பெரும்பாலும் பிரச்சினை வராது. அது கீபோர்டைப் போலத்தான் வேலை செய்கிறது.

புரோகிராம் விஷயம் இன்னும் பாரதூரமானது. டொஸ் காலத்தில் யாரோ எழுதிக்கொடுத்த புரோகிராமில் இன்றும் ஸ்டொக்கும் கடன் கணக்கும் வைத்திருக்கும் மொத்த வியாபாரிகள் இருக்கிறார்கள். அது 32 பிட் விண்டோஸில் ஓடியிருக்கும். விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது, அதில் டொஸ் புரோகிராம் நேரடியாக ஓடாது. எந்தக் கடைக்காரர் எவ்வளவு தரவேண்டும் என்பது அந்தப் புரோகிராமுக்குள் மட்டும் இருக்கிறதென்றால், விண்டோஸ் மாற்றிய அன்று அது திறக்கமறுத்தால் நிலுவையை யாரிடம் கேட்பது? இப்படியான இடத்தில் என் அபிப்பிராயம், பழைய மெஷினைத் தொடாமல் இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டு, கண்ட பென் டிரைவ்களையும் சொருகாமல், கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்வது. மெயிலுக்கும் பேங்குக்கும் வேறொன்று. இரண்டு மெஷின் வீண் செலவென்று தோன்றினால் வருமதிப் பட்டியலை ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

லைசன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 500 ரூபாவுக்கு ‘எக்டிவேட்’ செய்துதருவது களவு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணனிப் புரோகிராம்களையும் பாதுகாக்கிறது. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமியும் இத்தகைய உரிமைகள் உரியவருக்கே சொந்தம், அவற்றில் அத்துமீறுவது கூடாது என்று தீர்மானித்தது. விலை கொடுக்க முடியாதவருக்கு லினக்ஸ் மின்ட் போன்றவை இலவசமாக இருக்கின்றன. பழைய மெஷினிலும் நன்றாக ஓடும். ஆனால் விண்டோஸுக்கென்று எழுதிய பில்லிங் புரோகிராம் அதில் ஓடுமா என்று முதலில் விசாரியுங்கள்.

மாற்றுவதென்று முடிவெடுத்தால் வியாபாரம் குறைந்த நாளில் வையுங்கள். பெருநாள் கிட்டிய வாரத்தில் வேண்டாம். யூ.பி.எஸ். இல்லாமல் ஆரம்பிக்க விடாதீர்கள், நடுவில் கரன்ட் போனால் அரைகுறையாக நிற்கும். பழைய டிஸ்க்கை அழித்து அதன்மேலேயே புதிய விண்டோஸ் போடுவதற்குச் சம்மதிக்க வேண்டாம். புது எஸ்.எஸ்.டி.யில் ஏற்றச் சொல்லுங்கள். கழற்றிய பழைய டிஸ்க்கை ஒரு துணியில் சுற்றி லாச்சிக்குள் வைத்துப் பூட்டுங்கள். அடுத்த ஸ்டொக் எடுப்பு முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.