ஒரே ஊசியை ஒரு வாரம் குத்துவதா? இன்சுலின் போடுகிறவர்களே, உஷார்!

ராஜகீழ்ப்பாக்கம்—

காலையில் ஒரு குத்து. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் இன்னொரு குத்து. இன்சுலின் போடும் பல வீடுகளில் இதுதான் வாடிக்கை. ஊசி மட்டும் மாறுவதில்லை! "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வீணா தூக்கிப் போடணும்?" என்று வாரக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு.

மிச்சமாவது சில ரூபாய். வம்பு பெரிது.

வலிக்காமல் இறங்குவதற்காக ஊசியில் சிலிகான் பூச்சு இருக்கிறது. குத்தக் குத்த அது தேய்ந்துவிடும். முனை மழுங்கி வளையும். ஸ்பிரிட்டில் துடைத்தாலும் பூச்சு போய்விடும். 'ஒருமுறைக்கு மட்டும்' என்று உறையில் அச்சடித்திருப்பது இதற்குத்தான்.

கட்டி வரும்!

தேய்ந்த ஊசியை ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் தோலுக்கு அடியில் கொழுப்புக் கட்டி வரும். அங்கே வலி குறைவு. அதனால் கை அங்கேயே போகும். ஆனால், கட்டியில் போட்ட மருந்து ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. "மருந்து பத்தலை" என்று அளவைக் கூட்டியவர், திடீரென்று நல்ல இடத்தில் குத்தினால் சர்க்கரை சரிந்து மயக்கம்தான்!

தினமும் இடம் மாற்ற வேண்டும். ஊசியும் மாற்ற வேண்டும்.

கழற்றிய ஊசியைக் குப்பையில் வீசினால் தூய்மைப் பணியாளர் கையைப் பதம் பார்க்கும். 2016-ம் ஆண்டு திடக்கழிவு விதிகளே ஊசியை அபாயக் கழிவு என்றுதான் சொல்லின. கெட்டியான டப்பாவில் போட்டு மூடி, "உள்ளே ஊசி" என்று சொல்லித் தனியாகக் கொடுப்பதே நியாயம்.