எழுதுகருவிகளும் எழுதுவோர் கருத்துகளும்

முன்னுரை

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர், அவற்றைப் படியெடுத்தவர் எத்தகையோர், எம்முறையில் எழுதினர் என்பவற்றை முதற்கண் ஆராய்தல் மரபு. மெய்க்குப் புள்ளியிடாமையும், எகர ஏகாரங்களுக்கு வேறுபாடு காட்டாமையும், ரகரத்தையும் காலையும் ஒரே வடிவில் எழுதுதலும் சுவடிகளிற் பாடவேறுபாடு பெருகக் காரணமாயின என்பதைப் பதிப்புத்துறையினர் நன்கறிவர். எழுத்தாணியின் இயல்பு ஏட்டிற் படிந்தது. அதனை அறிந்தவரே ஏட்டின் பிழையைத் தெளிந்தனர்.

இன்று நம் ஆய்வேடுகள் கணினியிலேயே எழுதப்பெறுகின்றன. எழுத்தாணியின் இடத்தில் இருப்பவை, விசைகளைத் தமிழெழுத்தாக மாற்றித் தரும் சிறுமென்பொருள்கள். இவற்றைப் பயன்கொள்வோர் இவற்றைப் பற்றிக் கூறும் கருத்துகள் பல. அவை ஒன்றோடொன்று முரணுவனவும் பல. அவற்றை வெறும் விருப்பு வெறுப்பென ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், அவை இக்காலப் படியெடுப்போர்தம் எழுதுமுறைக்கு அமைந்த சான்றுகள் என்பதும், அவற்றைத் தொகுத்து ஆராயாது விடின் பிற்காலப் பாட ஆராய்ச்சி இடர்ப்படும் என்பதும் எம் துணிபு. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறுமென்பொருள்களின் தோற்றம்

ஈண்டுச் சிறுமென்பொருள் என்பது, கணினியின் இயங்குதளத்துக்கும் நாம் எழுதும் செயலிக்கும் இடையே நின்று ஒரு பணியை மட்டும் செய்வது. விசை அழுத்தப்பட்டதும் அதனை இடைமறித்து, உரிய தமிழெழுத்தின் குறியை எழுதுசெயலிக்கு அளித்தல் அதன் தொழில். அளவிற் சிறியது, உள்ளபோது நினைக்கப்படாதது, இல்லாதபோது ஒரு சொல்லும் எழுத இயலாதது.

இவற்றை ஆக்கியோருள் தனிமனிதரும் சிறு குழுவினரும் மிகுதி. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் முரசு என்னும் மென்பொருளை ஆக்கினார். அதுவே பின்னர் முரசு அஞ்சலாக வளர்ந்தது. கனடாவிலிருந்து சீனிவாசனின் ஆதமியும், சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துருவும் வந்தன. 2000ஆம் ஆண்டில் விசுவநாதனின் அழகி வெளிவந்தது. அதன்பின் தமிழா குழுவினரின் எ-கலப்பையும், சென்னை நியூ ஹொரைசன் மீடியா நிறுவனத்தின் என்.எச்.எம். ரைட்டரும் பரவின. இவற்றுட் பல விலையின்றி வழங்கப்பெற்றவை. ஆதலின், விற்பனைக் கணக்கு இவற்றின் தகுதியைக் காட்டாது. பயன்கொண்டோர் கருத்தே இவற்றுக்கு உரைகல்லாயிற்று.

மூவகை விசைப்பலகையும் மூவகைக் கருத்தும்

இம்மென்பொருள்கள் தரும் விசைப்பலகைகளை மூவகையாகப் பகுக்கலாம். அவை தட்டச்சு முறை, உரோமன் ஒலிபெயர்ப்பு முறை, தமிழ் 99 முறை என்பன. இம்மூன்றும் எழுத்து என்பதனை மூன்று வேறு நிலைகளிற் கொள்கின்றன.

தட்டச்சு முறை எழுத்தை வடிவாகக் கொள்கின்றது. 'கெ' என எழுத விரும்புவோர் முதலிற் கொம்பையும் அடுத்துக் ககரத்தையும் அழுத்துவர். கண் காணும் வரிசையே கை செல்லும் வரிசை. அரசுத் தட்டச்சுத் தேர்வுக்குப் பயின்றோர் இம்முறையே விரைவானது என்பர். அவர்க்கு அஃது உண்மையே. பல்லாண்டுப் பயிற்சி விரலில் நிற்க, அதனை மாற்றச் சொல்லும் எதுவும் அவர்க்குத் தடையாகவே தோன்றும்.

உரோமன் ஒலிபெயர்ப்பு முறை எழுத்தை ஒலியாகக் கொள்கின்றது. ஆனால், அவ்வொலியை ஆங்கில எழுத்தின் வழியே அடைகின்றது. அஞ்சல் விசைப்பலகையில் ஆங்கிலச் சிற்றெழுத்தாகிய 'ஆர்' ரகரமாகவும், பேரெழுத்தாகிய 'ஆர்' றகரமாகவும் வரும். லகர ளகரங்களும் அவ்வாறே. ழகரத்துக்கு 'இசட்' உரியது. புதிதாக எதனையும் கற்க வேண்டாமை இதன் சிறப்பு என்பர் இளைஞர். தமிழை எழுதுங்கால் ஆங்கில எழுத்தை நினைக்க நேர்தல் இதன் குறை என்பர் ஆசிரியர். இவ்விரண்டும் ஒரே உண்மையின் இருபக்கங்கள்.

தமிழ் 99 முறை எழுத்தை இலக்கணமாகக் கொள்கின்றது எனலாம். 1997இற் சிங்கப்பூரிலும் 1999இற் சென்னையிலும் கூடிய தமிழ் இணைய மாநாடுகளின் பயனாக இது வரையறுக்கப்பெற்று, தமிழ்நாட்டரசின் ஏற்பையும் 1999இற் பெற்றது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று என முப்பத்தொரு விசைகளே இதற்கு அடிப்படை. உயிர்கள் இடக்கைக்கும், மெய்களுள் மிகப்பல வலக்கைக்கும் உரியன. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என நூன்மரபிற் கூறும் தொல்காப்பியர் கருத்துக்கு இயையக் ககரத்தை அழுத்தி எகரத்தை அழுத்தின் 'கெ' தோன்றும். ற-ன, ட-ண, ச-ஞ, ப-ம, த-ந என்னும் இனவெழுத்துகள் அடுத்தடுத்த விசைகளில் அமைந்துள்ளன. ஒரு மெய்யின் விசையை இருமுறை அழுத்தினும், மெல்லெழுத்தை அடுத்து அதன் இன வல்லெழுத்தை அழுத்தினும் முன்னதற்குப் புள்ளி தானே அமையும். 'பக்கம்', 'தங்கம்', 'வண்டு', 'கன்று' என்பவற்றின் இடைநிற்கும் மெய்க்குரிய புள்ளி, புள்ளிவிசையின் உதவியின்றியே உருவாகும்.

இதனைப் பற்றிய கருத்துகள் இரண்டு. புள்ளியை நாமே இடவேண்டாமையின் விரைந்து எழுதலாம் என்பார் ஒருசாரார். வேண்டாத இடத்தும் புள்ளி இட்டுவிடுகின்றது என்பார் மற்றொரு சாரார். முன்னவர் இவ்விதியைக் கற்றவர்; பின்னவர் அதற்கு மாற்று உண்டென்பதை அறியாதவர். இரண்டு மெய்களுக்கு இடையே அகர விசையை அழுத்தின் அப்புள்ளி தோன்றாது. ஆக, மென்பொருள் ஒன்றே. கருத்து இரண்டானமைக்குக் காரணம் பயிற்சியே.

கருத்துகளிற் காணும் குற்றங்கள்

நூலுக்குரிய குற்றம் பத்தென வகுத்தார் பவணந்தியார். அவற்றுட் சில, மென்பொருள் பற்றிய கருத்துகளுக்கும் பொருந்துதல் வியப்பைத் தருகின்றது.

'இது இயங்கவில்லை' என்னும் அளவில் நிற்கும் கருத்து குன்றக் கூறல். எவ்வியங்குதளத்தில், எப்பதிப்பு, எச்செயலியில் இயங்கவில்லை என்பது கூறப்படவில்லை. 'இதற்கு இணை வேறில்லை' என்பது மிகைபடக் கூறல். கூறுவோர் வேறெதனையும் பயின்றறியார். விசைப்பலகையைப் பற்றி வினவ, மொழித்தூய்மையைப் பற்றி விடையிறுத்தல் மற்றொன்று விரித்தல்.

இவற்றினும் கேடு பயப்பது மயங்க வைத்தல். ஒன்றன் குறையை மற்றொன்றன்மேல் ஏற்றுதலை ஈண்டு அப்பெயராற் குறிக்கின்றோம். விண்டோசு எக்சுபி இயங்குதளத்தில் இந்திய மொழிகளுக்கான வசதியைத் தனியே நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது. அதனை நிறுவாதவர் திரையில் ஒருங்குறித் தமிழின் கொம்பு, எழுத்துக்குப் பின்னே இடம்மாறித் தோன்றிற்று. குறை இயங்குதள அமைப்பினது, பழி விசைப்பலகைக்கு. பழைய பேஜ்மேக்கர் செயலி ஒருங்குறித் தமிழை ஏற்கவில்லை; அதனால், ஒருங்குறி அச்சுக்கு உதவாது என்னும் கருத்து அச்சகங்களில் நிலைத்தது. செயலிகள் மாறிய பின்னரும் அக்கருத்து மாறாது நிற்றலை இன்றும் காண்கின்றோம்.

ஆதலின், ஒரு கருத்தைச் சான்றாகக் கொள்ளுமுன் நான்கு வினாக்கள் எழுப்பல் வேண்டும். கூறுபவர் எம்முறையிற் பயின்றவர்? எப்பணிக்குப் பயன்கொண்டார்? எக்கணினியில், எப்பதிப்பில்? எவ்வாண்டில்? இந்நான்கும் தெரியுமாயின் பிழைபட்ட கருத்தும் நல்ல சான்றாகும்; தெரியாதாயின் உண்மையான கருத்தும் பயன்படாது.

கருவியும் எழுத்துப்பிழையும்

இக்கருத்துகளைத் தமிழாய்வாளர் பொருட்படுத்த வேண்டியதன் காரணத்தை இனிக் காண்போம். ஒவ்வொரு விசைப்பலகையும் தனக்கே உரிய பிழைகளைத் தோற்றுவிக்கின்றது.

எம்மிடம் ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர், சீர்திருத்த இயக்கம் பற்றிய இயலொன்றை எழுதித் தந்தார். அதில் 'சமபந்தி விருந்து' என வரவேண்டிய இடமெல்லாம் 'சம்பந்தி விருந்து' என இருந்தது. சொல்லறியாமை எனக் கருதிக் கடிந்துரைத்தோம். அவர் தம் கைப்படியைக் கொணர்ந்து காட்டினார். அதிற் 'சமபந்தி' என்றே தெளிவாக எழுதியிருந்தார். தமிழ் 99 முறையில் மகரத்தை அடுத்துப் பகரம் வர, புள்ளி தானே அமைந்துவிட்டது. சாதி வேற்றுமை நீக்கும் விருந்து, மணவீட்டார் விருந்தாயிற்று. இனவெழுத்து விதி தமிழ்ச் சொல்லமைப்புக்குப் பெரிதும் பொருந்துவதாயினும், தொகைச்சொல்லின் இடையெல்லையை அஃது அறியாது. 'சமபங்கு', 'மமதை' என்பனவும் இவ்வாறே திரியும். மாணவரைக் கடிந்தது எம் பிழை. கருவியை அறியாமையே அதற்குக் காரணம்.

ஒலிபெயர்ப்பு முறையில் எழுந்த பிழை வேறு வகையது. ரகர றகரமும், லகர ளகரமும், னகர ணகரமும் ஒரே விசையின் சிற்றெழுத்தும் பேரெழுத்துமாக நிற்றலின், மாற்றுவிசையை அழுத்த மறப்பின் ஒன்று மற்றொன்றாகும். அதனைக் காண்போர் எழுதியவர்க்கு எழுத்து வேறுபாடு தெரியாதென முடிவு செய்வர். அறியாமையும் கைத்தவறும் தாளில் ஒருபடித்தாகவே தோன்றும். ஆயின், பிழைகளை எண்ணி வகைப்படுத்தின் இரண்டும் பிரிந்து நிற்கும். மாற்றுவிசை மறந்த பிழை, பெரும்பாலும் றகரம் ரகரமாகவும் ளகரம் லகரமாகவும் ஆகும் ஒருவழிப் பிழை. அறியாமையால் நேர்வதோ இருவழியும் செல்வது. இப்பகுப்பு, எழுதியவர் எக்கருவியைக் கொண்டார் என்பது தெரிந்த வழியே இயலும்.

எழுத்துருவும் மறைந்த ஏடுகளும்

விசைப்பலகையினும் குறியேற்றம் பெருந்துன்பம் விளைத்தது. ஒருங்குறி பரவுமுன், எழுத்துருவை ஆக்கியோர் தத்தமக்கு ஏற்றவாறு எழுத்துகளுக்கு இடம் வகுத்தனர். திசுக்கி எனப்படும் முறையும், 1999இல் அரசு ஏற்ற தாம், தாப் முறைகளும் ஒருமையை நோக்கி எழுந்தவை; எனினும், வணிக எழுத்துருக்கள் பல தம்வழியே சென்றன. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன் எழுதப்பெற்ற ஆய்வேடுகளுட் பல, இன்று அவ்வெழுத்துருவின்றித் திறக்குங்கால் பொருளற்ற உரோமன் குறிகளாகவே காட்சியளிக்கின்றன.

அத்தகைய ஆய்வேட்டின் குறுந்தகடு ஒன்று எம் கைக்கு வந்தது. எழுதியவர் இன்று இல்லை. எழுத்துருவின் பெயரும் எங்கும் குறிக்கப்படவில்லை. மாற்றிக் கொடுக்கும் சிறுமென்பொருளொன்றில் எழுத்துரு வகைகளை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்து, ஒருவாறு படிக்கத்தக்க வடிவை அடைந்தோம். அதன்பின்னும் ஓர் ஐயம் எழுந்தது. 'ஔவையார்' எனத் தேடியபொழுது அப்பெயர் ஓரிடத்தும் கிட்டவில்லை. அவ்வாய்வேட்டின் பொருளோ ஔவையார் பாடல்கள். உற்று நோக்கியபொழுது, ஔகாரம் ஒகரமும் ளகரமுமாகிய இரண்டெழுத்தாக எங்கும் எழுதப்பட்டிருந்தமை புலனாயிற்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. சொல்லடைவு தொகுப்போரும் கணினிவழிச் சொற்பயன்பாட்டை எண்ணுவோரும் இதனை அறியாராயின், உள்ளதை இல்லையெனக் கூற நேரும்.

மாற்றி மென்பொருள்களைப் பற்றி, 'பெரும்பாலும் சரியாக மாற்றுகின்றது' என்னும் கருத்தைப் பலர் கூறுவர். வாணிகக் கடிதத்துக்கு அப்'பெரும்பாலும்' போதும். பாட ஆராய்ச்சிக்குப் போதாது. எவ்வெழுத்தில் தவறுகின்றது என்று கூறும் ஒரு கருத்து, நன்றென்று கூறும் நூறு கருத்துகளினும் நமக்கு மதிப்புடையது.

முடிவுரை

இன்று விண்டோசு, மேக் ஆகிய இயங்குதளங்களே தமிழ் 99 விசைப்பலகையைத் தம்முட் கொண்டுள்ளன. தனியே நிறுவும் சிறுமென்பொருள்களின் தேவை குறைந்துவருகின்றது. அவை மறையுமாயின், அவற்றைப் பற்றிய கருத்துகளும் பழகியோர் நினைவோடு மறையும். அவற்றால் எழுதப்பெற்ற பனுவல்கள் மட்டும் எஞ்சும். எழுத்தாணி மறைந்து ஏடு நின்ற நிலையே மீண்டும் நேரும்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் தாம் பதிப்பித்த நூல்களின் முகவுரைகளில், எச்சுவடி எவரிடமிருந்து கிடைத்தது எனக் குறித்துச் சென்றார். அக்குறிப்புகள் இன்றும் நமக்கு வழிகாட்டுகின்றன. அதுபோல, ஒவ்வோர் ஆய்வேட்டின் முகப்பிலும் அது எம்மென்பொருளால், எவ்விசைப்பலகையில், எக்குறியேற்றத்தில் எழுதப்பெற்றது என்பதை ஒரு வரியிற் குறித்தல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள், பழைய மென்பொருள்களைப் பயன்கொண்டோரிடம் மேற்கூறிய நான்கு வினாக்களையும் எழுப்பி, அவர்தம் விடைகளைத் தொகுத்துவைத்தல் வேண்டும். தட்டச்சுப் பணியாளரும், அச்சகத்தாரும், பழைய ஆய்வு மாணவரும் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களைக் கேட்டறிதற்கு இதுவே காலம்.