மரவள்ளித் தடியுடன் பயணஞ் செய்யும் நோய்

மரவள்ளி இலைகளில் மஞ்சளும் பச்சையும் கலந்த திட்டுகள் தோன்றி, இலைகள் சிறுத்துக் கோணுவது சித்திர வடிவ நோயின் அறிகுறியாகும். வைரசினால் உண்டாகும் இந்நோயை எம்மருந்து தெளித்தும் குணப்படுத்த இயலாது. ஆகவே அது எவ்வழியாக வந்ததென அறிதல் அவசியம்.

2015 இல் கம்போடியாவின் வடகிழக்கிலுள்ள இரத்தனகிரி மாகாணத்தில் இந்நோய் காணப்பட்டது. 2017 இல், அங்கிருந்து 200 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள வியட்நாமின் தாய்நின் மாகாணத்திலும், 2018 இல் தாய்லாந்திலும் வெளிப்பட்டது. இதைப் பரப்பும் வெள்ளை ஈ இத்துணைத் தூரம் தானாகப் பறந்து செல்ல வல்லதன்று.

ஆராய்ச்சியாளர் முதலில் வைரசின் பரம்பரையலகுகளை வாசித்தனர். காணி உறுதியொன்றைக் கையாற் பிரதி செய்பவர் ஓரெழுத்தைப் பிழைபட எழுதினால், அதைப் பார்த்தெழுதும் பிரதிகளிலும் அப்பிழை தொடரும். வைரசு பெருகும்போதும் இவ்வாறே நிகழும். ஒரே பிழைகளையுடையவை ஒருவழி வந்தவை. இந்நாடுகளின் வைரசுகள் தம்முள் நெருங்கிய உறவினவாயிருந்தன. (அவ்வைரசின் பெயரில் இலங்கை இருப்பினும், நாமே அதை அனுப்பினோம் என்பது பொருளன்று; தென்னிந்தியாவிலும் அது உண்டு.)

உறவு தெரிந்தாலும், எந்த லொறியில் வந்ததென்பது தெரியாது. அதற்கு, யார் யாரிடம் நடுகைத் தடி பெற்றனரெனக் கமக்காரரிடம் விசாரித்து, இடங்களைப் புள்ளிகளாகவும் கைமாற்றங்களைக் கோடுகளாகவும் வரைய வேண்டும். கம்போடியாவிலும் வியட்நாமிலும் நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வில், அயலவருக்கிடையிலான கோடுகள் குறுகியனவாயும், வியாபாரிகளின் கோடுகள் எல்லை கடந்து நீண்டனவாயும் இருந்தன. இவ்வலையைக் கணினியிலிட்டு, எப்புள்ளியைக் கண்காணித்தால் நோய் மிகுதியாகத் தடைப்படுமெனக் கணிக்கலாம். பல ஊர்களுக்குத் தடி விற்கும் ஒருவர் குளத்துத் துருசு போன்றவர். வாய்க்கால்தோறும் மண் வெட்டிப் போடுவதிலும் துருசை மூடுவது இலகு.

உங்கள் தோட்டத்திலும் இதை ஓரளவு அறியலாம். அடியிலைகள் முதற்கொண்டு எல்லா இலைகளிலும் அறிகுறியிருந்தால் நோய் தடியுடன் வந்தது. அடியிலைகள் நலமாயிருக்க மேலிலைகள் மட்டும் கோணியிருந்தால் பின்னர் ஈயினால் வந்தது. முன்னதற்கு அயலவரின் தோட்டத்தைக் குறைகூறிப் பயனில்லை.

வெட்டிக் கட்டிய தடியில் நோயைக் காண முடியாது. ஆதலால் செடிகள் இலையுடன் நிற்கும்போதே நலமானவற்றை அடையாளமிட்டு, அவற்றிலிருந்து மட்டும் தடி எடுக்குக. வெளியிடத்துத் தடியாயின், வாங்குமுன் அது வளர்ந்த தோட்டத்தைக் காட்டும்படி கேட்க வேண்டும்.