வழக்கம் பெருசா, உரிமை பெருசா?

திருமங்கலத்துல பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல மதுரை. மீனாட்சி அம்மன் கோயில் வாசல்ல இன்னைக்கு யாரும் உங்க சாதியைக் கேக்க மாட்டாங்க. ஆனா 1939 ஜூலை 8 வரைக்கும் அங்கே பலருக்கு அனுமதி இல்லை. அன்னைக்குத்தான் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில, கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட சமூகத்தினர் ஐந்து பேரும் நாடார் ஒருவரும் உள்ளே போனாங்க.

எதிர்த்தவங்க இது ஆகமத்துக்கு விரோதம்னு சொன்னாங்க. பட்டர்கள் சிலர் பூஜை செய்யவே மறுத்துட்டாங்க. ராஜாஜி அரசு அவசரச் சட்டம் போட்டு, கோயிலைத் திறந்துவிட்டவங்களுக்குப் பாதுகாப்பு கொடுத்தது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். மத நம்பிக்கையும் ஒரு மனித உரிமைதானே? ஆமாம். அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு அதைத் தருது. ஆனா அந்தப் பிரிவை முழுசா படிங்க. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள் இதுக்கெல்லாம் உட்பட்டுத்தான் அந்த உரிமை. பொதுவான இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிட அரசு சட்டம் போடலாம்னும் அதிலேயே இருக்கு. 17-ஆவது பிரிவு தீண்டாமையையே ஒழிக்குது.

இந்த மோதல்ல 1957-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கர்நாடகத்தின் மூல்கியில இருக்கிற வெங்கடரமணர் கோயில் வழக்கு அது. இது எங்க சமூகத்துக்கான கோயில், யார் வரலாம்னு நாங்கதான் முடிவு செய்வோம்னு நிர்வாகம் வாதாடினது. சில சிறப்புச் சடங்குகளை மட்டும் அவங்களுக்குள்ளேயே நடத்திக்கலாம், ஆனா மக்கள் வழிபடுற உரிமையை மறுக்க முடியாதுன்னு தீர்ப்பு வந்தது. நம்பிக்கையைத் தூக்கிப் போடவும் இல்லை, வாசலை மூடவும் விடலை.

சட்டம் வந்தா எல்லாம் முடிஞ்சிடுமா? நம்ம மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தைப் பாருங்க. 1989-ல எழுந்த தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி 2008 மே 6-லதான் இடிக்கப்பட்டது. அந்த ஊர் முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போனது 2011 நவம்பர்ல. மீனாட்சி கோயில் நுழைவுக்கு 72 வருஷம் கழிச்சு!

இன்னொண்ணையும் யோசிங்க. கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவங்களும் அதே சாமியைத்தான் கும்பிட்டாங்க. அவங்க நம்பிக்கை மட்டும் கணக்குல வராதா? அதனால இதை 'மதமா, மனித உரிமையா'ன்னு பார்க்கறதே பாதிதான் சரி. பல நேரம் ஒருத்தரோட நம்பிக்கை, இன்னொருத்தரோட நம்பிக்கைக்குக் குறுக்கே நிக்குது.

தீண்டாமை காரணமா கோயிலுக்குள் விடாம தடுக்கிறது 1955-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். உங்க ஊர்த் திருவிழாவுக்குக் கூடப் படிக்கிறவங்களைக் கூப்பிடுறீங்கல்ல? கூப்பிட்ட எல்லாரும் உங்க கூடவே சந்நிதி வரைக்கும் வர முடியுமா? முடியாதுன்னா, ஏன்னு வீட்டுல கேளுங்க. 'அது வழக்கம்'னு பதில் வந்தா, யாருக்கு வசதியான வழக்கம்னு அடுத்த கேள்வியையும் கேளுங்க.